கண்மாயில் விடியக்காலை மீன் செத்து மிதக்குது: மருந்தா, மூச்சுத்திணறலா?

கரைமேட்டான் (கேள்வி)

மேலூர் பக்கம், பெரியாறு பாசனத்துக் கண்மாய். நாற்பது ஏக்கர் இருக்கும். இப்போ மடைக்கிட்ட ஆறடி, மத்த இடத்துல சராசரியா நாலடி தண்ணி. மீன்பாசி (மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமை) ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கார். ஜிலேபி தானா வந்து பெருகிக் கிடக்கு.

மூணு நாளா மூட்டம், விட்டு விட்டுத் தூறல். நேத்து விடியக்காலை அஞ்சு மணிக்குக் கரையோரம் பூரா மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு நின்னது. வெளிச்சம் வந்து பார்த்தா பெரிய கட்லாவா நாப்பது அம்பது மல்லாந்து கிடக்கு. தண்ணி பச்சைப் பெயின்ட் கரைச்ச மாதிரி இருக்கு. ஊருல பாதிப்பேர் "எவனோ மருந்து ஊத்திட்டான்"னு பேசுறாங்க, பஞ்சாயத்து வரைக்கும் போகும்போல இருக்கு.

கேட்கிறது இதுதான். மருந்தா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? இன்னிக்கு ராத்திரி என்ன செய்யணும்? பாசி ஆக்சிஜன் விடும்னுதான் பள்ளிக்கூடத்துல படிச்சோம், இவ்வளவு பாசி இருக்கிற தண்ணியில மீன் எப்படி மூச்சு முட்டிச் சாகும்? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டா பாசி போயிரும்னு உரக்கடையில சொல்றாங்க, போடலாமா?

மடைக்கண்

மயில்துத்தம் போடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

பாசியைக் கொன்றால் அது எங்கேயும் போகாது. செத்து அடியில் படிந்து அழுகும். அழுக வைக்கிற பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். இன்றைக்கு ஐம்பது மீன் போன இடத்தில் நாளை மறுநாள் மொத்தமும் போய்விடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். அது பாசியைத் தின்னும் நுண்ணுயிர்ப் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும்.

மருந்தா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வரைக்கும் போவதற்கு முன் கரையில் நின்றே பாதி முடிவு செய்யலாம். ஆக்சிஜன் பற்றாக்குறை என்றால் சாவு விடியலை ஒட்டி நடக்கும், வெயில் ஏறியதும் நின்றுவிடும். பெரிய மீன் முதலில் சாகும், குஞ்சு தப்பித்துக்கொள்ளும். கட்லா, ரோகு போகும். காற்றை நேரடியாகக் குடிக்கத் தெரிந்த விரால், குறவை, தேளி, பனையேறி எல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். நத்தை கோரைத்தண்டில் ஏறி நிற்கும், இறால் தண்ணீர் விளிம்புக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். செத்த மீனுக்கு வாய் பிளந்து செவுள் விரிந்திருக்கும்.

பூச்சிமருந்து என்றால் நேரம் காலம் கிடையாது, நண்பகலிலும் சாகும். சிறிது பெரிது பார்க்காது. விராலும் சேர்ந்து போகும். மீன் சுழன்று சுழன்று துள்ளி விழும். இறாலும் நீர்ப்பூச்சிகளும் மீனுக்கு முன்னாலேயே செத்திருக்கும், பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு அவைதான் முதல் பலி. ஒரு வெள்ளைத் தட்டில் கண்மாய்த் தண்ணீரை மொண்டு உற்றுப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் துள்ளுகிற பூச்சிகள் உயிரோடு இருந்தால் மருந்துச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

அப்படியும் ஊர் நம்பாது என்றால் சாட்சிக்கு மாதிரி எடுத்து வையுங்கள். கண்ணாடிக் குப்பியில் எடுக்கணும், பிளாஸ்டிக்கில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்ளும். விளிம்பு வரை நிரப்பி மூடி, கறுப்புத்துணி சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். மீனும் தனி ஐஸில் வேண்டும், சாகும் தறுவாயில் இருக்கிற மீனாக இருக்கணும். அழுகின மீனில் எதுவும் தெரியாது.

இன்றிரவுக்கு: நாற்பது ஏக்கரையும் எஞ்சின் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஒரு மூலையைக் காப்பாற்றலாம், மீன் தானே அங்கே வந்து சேரும். 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்றோ இரண்டோ கரையில் வையுங்கள். உறிஞ்சுகுழாய் முனையைக் காலி கேனில் கட்டி மேல்மட்டத்திலிருந்து ஒரு அடி ஆழத்தில் மிதக்க விடுங்கள். அடியில் இறக்கினால் சேற்றைக் கலக்கி, நாம் தப்பிக்கப் பார்க்கிற அதே கெட்ட தண்ணீரை மேலே கொண்டுவந்துவிடும். வெளியேற்றும் குழாயைத் தூக்கிக் கட்டி, ஓட்டை போட்ட தகரத்தின் மேல் விழவிட்டுச் சிதறவிடுங்கள். துளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு காற்று ஏறும். இரவு 10 மணிக்குத் தொடங்கி காலை 8 வரை ஓடணும். விடிந்ததும் நிறுத்துவது வழக்கமான தவறு, ஆக்சிஜன் ஆகக் குறைவது விடிந்த கையோடுதான். பகலில் எஞ்சின் ஓட்டுவது டீசலுக்குக் கேடு.

கால்வாயில் தண்ணீர் வருகிறதென்றால் அதைத் திருப்புங்கள், அதைவிட நல்ல மருந்து இல்லை. மடையின் கீழ்க் கண்ணைத் திறந்து அடித்தண்ணீரை வயலுக்கு விடலாம், கறுப்பாக நாறும், ஆனால் நெல்லுக்கு அது உரம்தான். மீனுக்குத் தவிடு, புண்ணாக்கு, சாணம் எதுவும் ஒரு வாரத்துக்குப் போடாதீர்கள். செத்த மீனைப் பொறுக்கி நீர்ப்பிடிப்புக்கு வெளியே குழி வெட்டிப் புதையுங்கள். கரையிலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளேதான் வரும்.

பச்சைக்கணக்கு

மடைக்கண் அண்ணன் சொன்னதில் மாற்றமில்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கண்மாய் எப்படி ஓடுகிறது என்பதே அதில்தான் இருக்கிறது.

பாசி பகலில் ஆக்சிஜன் விடும் என்பது பாதிப் பாடம். இரவும் பகலும் அது மூச்சும் விடும். பகலில் வரவு செலவைவிட அதிகம், இரவில் செலவு மட்டும். பாசியோடு சேர்ந்து பாக்டீரியா, நுண்ணுயிர்ப் பூச்சி, சேற்றில் அழுகும் இலைதழை எல்லாம் அதே கல்லாவில் கைவைக்கின்றன. பாசி கட்டிய கண்மாயில் மீன் குடிக்கிற பங்கு சின்னது, ஆனால் முதலில் சாவது மீன்.

கல்லாவும் சின்னதுதான். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றோடு சமநிலையில் பிடித்து வைப்பது ஏழரை மில்லிகிராம். தண்ணீர் சூடேறச் சூடேற இன்னும் குறையும். கெண்டை மீனுக்கு 5 இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே திணறல், 1-ஐ நெருங்கினால் சாவு.

இப்போது கணக்கைப் போடுங்கள். நல்ல வெயில் நாளில் பச்சைத் தண்ணீர் சாயங்காலம் 12 மில்லிகிராம் வரை ஏறும், காற்று தரக்கூடியதைவிட அதிகம், பாசி ஊட்டியது. இரவில் மணிக்கு 0.6 வீதம் செலவு என்று வையுங்கள், அடர்ந்த பாசிக்கு இது அதிகமில்லை. 12 மணி நேரத்தில் 7.2 போகும், விடியும்போது 4.8 மிச்சம். மீன் பிழைத்தது. மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகு சாயங்காலம் 6-தான் இருக்கிறது என்றால் அதே செலவில் பத்து மணி நேரத்தில் சுழி. ராத்திரி எட்டில் தொடங்கினால் காலை ஆறு. மேலிருந்து காற்று கொஞ்சம் கரைந்து உள்ளே போகும்தான், ஆனால் அலையில்லாத இரவில் அது மிக மெதுவாக நடக்கும். நீங்கள் பார்த்த ஐந்து மணித் திணறல் இந்தக் கணக்கில் அப்படியே உட்காருகிறது.

தூறலுக்கும் பங்கு உண்டு. வெயில் நாளில் மேல்தண்ணீர் சூடாகி இலேசாக மிதக்கும், அடித்தண்ணீர் தனியே கிடந்து ஆக்சிஜன் இழக்கும். குளிர்ந்த மழை விழுந்ததும் மேல்தண்ணீர் கனத்து இறங்கி, அடியிலிருந்து அழுகல் வாயுவோடு கெட்ட தண்ணீர் மேலே வரும். அழுகின முட்டை வாடை அடித்ததா என்று கரையில் கேட்டுப் பாருங்கள்.

அளந்து பார்க்க இரண்டு சாமான் போதும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு, நாலாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றிப் பெயின்ட் அடியுங்கள். அடியில் கல் கட்டி, கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. காலை பத்துக்கும் பகல் இரண்டுக்கும் நடுவே பரிசலிலிருந்து இறக்கி, தகடு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். 30 முதல் 45 வரை நல்லது. பாசியால் 20-க்குக் கீழே வந்தால் அடுத்த மூட்டத்தில் மீன் சாகும் என்று எடுத்துக்கொள்ளலாம். செம்மண் கரைசலாலும் தகடு மறையும், அது வேறு கதை. தண்ணீர் நிறத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

இரண்டாவது, சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் ஆக்சிஜன் சோதனைப் பெட்டி, மீன்பண்ணைச் சாமான் கடையில் கிடைக்கும். விடியும் முன் ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை. மேலே ஒன்று, அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று. மாலைக்கும் காலைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிதோ, கண்மாய் அவ்வளவு வேகமாகத் தின்று அவ்வளவு வேகமாகச் செரிக்கிறது. பகல் அளவை மட்டும் பார்த்து "ஆக்சிஜன் ஜோரா இருக்கு" என்று ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால்: ஒரே இடத்துத் தண்ணீரில் மூன்று குப்பி. முதலாவதை உடனே சோதியுங்கள். இரண்டாவது தெளிந்த கண்ணாடி, மூன்றாவதற்கு அலுமினியத் தாள் சுற்றி இருட்டாக்குங்கள். இரண்டையும் ஒரு அடி ஆழத்தில் காலையிலிருந்து நண்பகல் வரை தொங்கவிட்டு எடுத்துச் சோதியுங்கள். இருட்டுக் குப்பியில் குறைந்தது மூச்சுச் செலவு. தெளிந்த குப்பிக்கும் இருட்டுக் குப்பிக்கும் உள்ள வித்தியாசம் பாசியின் மொத்த உற்பத்தி. இந்த முறை 1927-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, இன்னும் இதைவிட மலிவாக ஒன்று வரவில்லை.

கரைமேட்டான்

ரொம்ப நன்றிண்ணே. முட்டை நாத்தம் அடிச்சதுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. விரால் ஒன்னுகூட சாகலை. தட்டுல பூச்சி துள்ளுது. நேத்து ராத்திரி ரெண்டு எஞ்சின் ஓட்டினோம், மடை மூலையில மீன் வந்து குமிஞ்சு நின்னது.

அப்ப பாசி எதுக்கு இந்த வருசம் இப்படிக் கட்டுச்சு? முன்னெல்லாம் இதே கண்மாயில அடி தெரியும், அல்லியும் வேலம்பாசிச் செடியும் கிடக்கும். ஜிலேபி பாசியைத் திங்கும், இன்னும் விட்டாச் சரியாயிரும்னு ஏலக்காரர் சொல்றார்.

வண்டல்

ஏலக்காரர் சொல்வது பாதி நிஜம், அதனால்தான் ஆபத்து. ஜிலேபி பாசியைத் தின்னும், தின்றதில் இருந்த பாஸ்பரஸைக் கழிவாகத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். கூடு கட்ட அடிச்சேற்றில் கிண்ணம் கிண்ணமாகத் தோண்டும், சேறு கலங்கும், அதிலிருந்த சத்தும் மேலே வரும். ஜிலேபியை வலை போட்டு வெளியே எடுத்தால்தான் பாஸ்பரஸ் கண்மாயை விட்டுப் போகும். உள்ளே நீந்துகிற ஜிலேபி ஒரு உரச்சக்கரம்.

சூழலியலில் அடிப்படையான பிரிவு ஒன்று உண்டு. ஆற்றல் ஒருவழிப் பாதை: வெயிலில் வந்து, பாசி, பூச்சி, மீன் என்று ஏறி, ஒவ்வொரு படியிலும் வெப்பமாகக் கரைந்து போகும். சத்துப்பொருள் அப்படி இல்லை, அது சுற்றிச் சுற்றி வரும். உங்கள் கண்மாயில் வெயில் கூடவில்லை. சுற்றுகிற சரக்குதான் கூடியிருக்கிறது.

எவ்வளவு கூடினால் பாசி கட்டும்? லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் போதும், கண்மாய் அளவுக்கு மீறிக் கொழுத்துவிடும். நாற்பது ஏக்கர், நாலடி என்றால் ஏறக்குறைய 20 கோடி லிட்டர். அதற்கு வேண்டியது 20 கிலோ பாஸ்பரஸ். 50 கிலோ டிஏபி உர மூட்டையில் பத்து கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அதாவது இரண்டு மூட்டை. மேல்வயல்களில் நடவுக்கு அடியுரம் போட்டு நாலு நாளில் ஒரு பெருமழை பெய்தால், ஆளுக்குக் கொஞ்சமாக வழிந்து இரண்டு மூட்டைக்குச் சமமாவது பெரிய காரியமா? மேல்கண்மாய் மறுகால் பாய்ந்து வருகிற தண்ணீரில் அந்த ஊர்ச் சாக்கடையும் சோப்பு நுரையும் வருகிறதென்றால் அந்தக் கணக்கு தனி. நம் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று கோத்த சங்கிலி, மேலே போட்டது கீழே விளையும்.

அதில் ஒரே ஒரு கிலோ பாஸ்பரஸ் என்ன செய்யும் என்றும் பாருங்கள். பாசியின் உடம்பில் சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன். எடையாக்கினால் ஒரு கிலோ பாஸ்பரஸில் நூறு கிலோவுக்கு மேல் காய்ந்த பாசி. அத்தனையும் அழுகிச் செரிக்க ஏறக்குறைய 140 கிலோ ஆக்சிஜன். ஒரு ஏக்கரில் நாலடித் தண்ணீர் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் வைத்திருக்கும் மொத்த ஆக்சிஜனே 25 கிலோதான்.

நைட்ரஜனைக் குறைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நெல் வயலுக்கு நீலப்பச்சைப்பாசி எதற்குப் போடுகிறோம்? காற்றிலிருக்கும் நைட்ரஜனை அது பிடித்துத் தரும் என்றுதானே. கண்மாயிலும் அதன் சொந்தபந்தங்கள் அதையே செய்யும். பாஸ்பரஸைக் காற்றில் பிடிக்க முடியாது. அதனால் பூட்டுப் போட வேண்டிய வாசல் பாஸ்பரஸ்.

அல்லியும் வேலம்பாசியும் போனதற்கு வருகிறேன், இதுதான் முக்கியம். ஆழமில்லாத கண்மாய்க்கு இரண்டு நிலை உண்டு. ஒன்று, தண்ணீர் தெளிந்து அடியில் செடி நிற்கும். செடி சேற்றைப் பிடித்து வைக்கும், சத்தை உறிஞ்சும், பாசியைத் தின்னும் பூச்சிகளுக்குப் பகலில் ஒளிய இடம் தரும். அதனால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இன்னொன்று, பச்சைத் தண்ணீர். வெளிச்சம் அடிக்குப் போகாது, செடி முளைக்காது, சேறு கலங்கும், பாசி இன்னும் கூடும். இரண்டும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் நிலை. முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு தள்ளு போதும், அது ஒரு வருடம் புல்கெண்டையைக் கணக்கில்லாமல் விட்டு அது செடியை மேய்ந்து தீர்த்ததாகவும் இருக்கலாம். திரும்பி வர, போன அளவுக்கு உரம் குறைத்தால் பத்தாது, அதைவிட ரொம்பக் கீழே இறக்கணும்.

விரால் எங்கே வருகிறது என்றால், அது சின்ன ஜிலேபியைத் தின்னும். சின்ன மீன் குறைந்தால் பூச்சி கூடும், பூச்சி கூடினால் பாசி குறையும். ஆனால் விராலை மட்டும் நம்பி உட்காராதீர்கள். படிக்குப் பத்தில் ஒன்றுதான் ஏறும் என்பது 1942-லிருந்து சொல்லப்படும் தோராயக் கணக்கு. ஆயிரம் கிலோ பாசி நூறு கிலோ பூச்சியாகி, பத்து கிலோ சின்ன மீனாகி, ஒரு கிலோ விராலாகும். இடத்துக்கு இடம் அது ஐந்துக்கும் இருபது சதவீதத்துக்கும் நடுவே ஆடும், ஆனாலும் மேல்படி எப்போதும் ஒல்லிதான். கிடைக்கிறதே என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டுவிடாதீர்கள். வளர்க்கத் தடை உள்ள மீன், அயிரையிலிருந்து தவளை வரை எதையும் விடாது.

மடைக்கண்

வண்டல் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும், ஒன்றில் முரண்படுகிறேன்.

சேர்க்க வேண்டியது: வெளியிலிருந்து வரும் உரத்தை நிறுத்தினாலும் சேற்றுக்குள் பழைய சேமிப்பு இருக்கிறது. நம் செம்மண்ணில் இரும்பு அதிகம். ஆக்சிஜன் உள்ள சேற்றில் இரும்பு பாஸ்பரஸைக் கட்டி வைத்திருக்கும், ஆக்சிஜன் போனதும் அவிழ்த்து விட்டுவிடும். அதனால் மீன் செத்த மறுவாரம் பாசி இன்னும் கனமாகக் கட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். கோடையில் கண்மாய் வற்றி வெடிப்பு விடுவது இதற்கு இயற்கை வைத்தியம். காற்று உள்ளே போய் அழுகல் செரித்து, இரும்பு மறுபடி கட்டிக்கொள்ளும். ஜிலேபியும் முடியும். சாக்கடை விழுந்து வருடம் முழுக்க வற்றாத கண்மாய்க்கு அந்த வைத்தியம் கிடையாது, "எங்க கண்மாய் வத்துறதே இல்லை" என்பது எப்போதும் பெருமை இல்லை.

முரண்படுவது: சத்தை வெளியேற்ற மீன் பிடிப்பது உதவும், ஆனால் அளவில் வண்டல் மண்தான் பெரிது. தாசில்தார் அனுமதி வாங்கி விவசாயிகளை வண்டல் அள்ளவிடுங்கள். எங்கே அள்ளுவது என்பதில்தான் கெடுகிறது. மேல் அரையடியில் இருக்கும் கறுத்த வண்டலைச் சீராக வழித்து எடுக்கணும். லாரிக்காரர் வசதிக்கு ஒரே இடத்தில் பன்னிரண்டடி தோண்டினால் சத்துள்ள வண்டல் அப்படியே இருக்கும், சரளைதான் போகும். அந்தப் பள்ளம் மழைக்காலத்தில் ஆக்சிஜன் இல்லாத கிணறாக நின்று, முதல் குளிர்மழைக்கு உங்கள் மீனைக் கொல்லும். கரையின் அடிவாரத்திலும் மடைக்கிட்டவும் தோண்டக்கூடாது என்பது ஊருக்கே தெரியும், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு பற்றி யாராவது சொல்வார்கள். இப்போது வேண்டாம். பாசி கட்டிய தண்ணீரில் பிற்பகல் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9-ஐத் தாண்டும். மீன் கழிவிலும் அழுகலிலும் அம்மோனியா வரும். 30 டிகிரியில் பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட விஷ வடிவில் இருக்காது, 8-ல் ஏழு சதவீதம், 9-ல் பாதிக்குக் கிட்ட. அதன் மேல் சுண்ணாம்பைக் கொட்டினால் ஆக்சிஜனில் தப்பிய மீன் அம்மோனியாவில் போகும். வற்றிய பிறகு மண் பிஎச் பார்த்து, ஆறரைக்குக் கீழே இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வரத்துக்கால்வாய் வாயில் கோரையும் சம்பும் நின்றால் வெட்டாதீர்கள், வண்டலும் உரமும் அங்கே தங்கும். வருடம் ஒருமுறை பாதியை மட்டும் அறுத்து வெளியே போடுங்கள். அறுத்ததைத் தண்ணீரிலேயே விட்டால் செய்தது வீண்.

பச்சைக்கணக்கு

ஒன்று விட்டுப்போனது, அவசரம். ஒரு வெள்ளைக் குப்பியில் முக்கால்வாசி கண்மாய்த் தண்ணீர் எடுத்து, ஆடாமல் நிழலில் ஒரு இரவு வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் சாதாரணப் பாசி. கழுத்தில் வளையமாக மேலே மிதந்தால் நீலப்பச்சைப்பாசி, அதில் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சு வைத்திருக்கும்.

கரைமேட்டான்

வச்சுப் பார்த்தேண்ணே. விடியக்காலை பச்சை பூரா மேல வந்து கழுத்துல மோதிரம் மாதிரி நிக்குது. கீழ தண்ணி தெளிஞ்சிருச்சு. ஆடு மாடு இங்கதான் தண்ணி குடிக்குது.

பச்சைக்கணக்கு

அப்படியானால் இன்றைக்கே மாடுகளை இடம் மாற்றுங்கள் தம்பி. வாடை அடிக்கிற மாதம், மிதக்கிற பாசி எல்லாம் தென்மேற்கு ஓரத்தில் ஒதுங்கி ஆடையாகக் கிடக்கும். அந்தப் பக்கம் ஆடு மாடு நாய் எதுவும் வாய் வைக்கக்கூடாது, பிள்ளைகள் குளிக்கக்கூடாது. வடகிழக்குப் பக்கம் தெளிவாகத் தெரிந்தாலும் அதையும் நம்பாதீர்கள், காற்று திரும்பினால் பாசியும் திரும்பும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக் காட்டுங்கள். காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. மீனைச் செவுளும் குடலும் ஈரலும் நீக்காமல் யாரும் சமைக்க வேண்டாம், பச்சை ஆடை கலைந்து போகும் வரை ஏலக்காரரை வலை போடாமல் இருக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சிதறலுக்கு நேர் எதிரே நின்று அந்தச் சாரலை மூச்சில் இழுக்காதீர்கள், காற்று முதுகில் படுகிற மாதிரி நின்று வேலை பாருங்கள்.